அரை வாளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஆனால் கல்கத்தாவில், கிடர்பூர் வீட்டில் நடந்தது வேறு. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போங்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷமோ எண்பதோ இருக்கும். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தப் பழைய மாடி வீடு எனக்குச் சல்லிசான விலைக்குக் கிடைத்ததற்குக் காரணமே மாடியில் குடியிருந்த மாஷிமாதான். வயதான பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் சித்தி என்கிற மாதிரி. வங்காளி விதவை, தையல் வேலை செய்பவள், தனி ஆள். பழைய வாடகைக்காரி என்பதால் சட்டப்படி கிளப்ப முடியாது. ஆகவே கீழ்வீட்டில் நாங்கள் இருந்தோம், மாடியில் அவள் இருந்தாள்.

தெருவிலிருந்து வந்த இரும்புக் குழாய் உள்ளுக்குள் துருவேறி அடைத்துக் கிடந்தது. கீழே நாங்கள் குழாயைத் திறந்தால் மேலே தண்ணீர் ஏறாது. அதனால் அந்த வீட்டில் எங்களுக்கு முன்பிருந்தே ஒரு வழக்கம். தண்ணீர் வரும் நேரத்தில் அவள் பித்தளைக் கரண்டியால் மேலே குழாயை மூன்று தட்டு தட்டுவாள். டங், டங், டங். உடனே நாங்கள் மூட வேண்டும், அவள் பிடித்துக்கொள்வாள். காலையிலும் மதியத்திலும் இந்தக் கூத்து. என் வீட்டுக் குழாயை மூடச் சொல்ல இவள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்ற ஒடியா மிஸ்திரி ஒருவனைக் கூட்டி வந்தேன். பழைய இரும்பை அறுத்து எடுத்துவிட்டு, சாம்பல் நிறக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "பாபு, மாடிக்குக் கிளை பிரிக்க டீ ஜாயின்ட் போடவா?"

"வேண்டாம். அங்கேயே மூடி போட்டு அடைச்சிடு" என்றேன்.

என் மனைவி சரோஜா, "ஏங்க, பாவம் அந்தம்மா, தண்ணிக்கு எங்க போவாங்க?" என்றாள்.

"காலி பண்ணிட்டுப் போகட்டும். நீ வாயை மூடு."

மறுநாள் மாஷிமா வாளியோடு என் வாசலில் நின்றாள். "ஆத் பால்தி, பாபா" என்றாள். அரை வாளிதான். சமையலுக்கு மட்டும். தெருமுனையில் அடிபம்பு இருக்கிறது, போய்ப் பிடித்துக்கொள் என்று கதவைச் சாத்தினேன். உள்ளே என் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

மே மாத வெயிலில் பதினெட்டு நாள் அவள் தண்ணீர் சுமந்தாள். பத்தொன்பதாம் நாள் படியில் விழுந்தாள். வாளி உருண்டு வந்து என் கதவில் முட்டியது. ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் இறந்துபோனாள். தம்பி மகன் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். வருந்தினேனா என்று கேட்காதீர்கள். முழு வீடும் கைக்கு வந்துவிட்டது என்று அன்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சாவி கைக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் சரோஜா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாளி பாதி நிறைந்ததும் டங், டங், டங்.

மேலே ஓடினேன், நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. கீழே வந்து குழாயைப் பிடித்துப் பார்த்தால் கையில் அதிர்கிறது. நானே கரண்டியால் தட்டிப் பார்த்தேன், டொப் என்றது, அவ்வளவுதான், பிளாஸ்டிக் வேறெப்படிச் சத்தம் போடும்? ஆனால் வந்துகொண்டிருந்தது சுத்தமான இரும்புச் சத்தம். குழாயை மூடினேன், நின்றது. வேறு வாளி வைத்துத் திறந்தேன். அதுவும் பாதி வரைதான்.

மிஸ்திரியை அழைத்து வந்தேன். காற்று அடைத்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவன், வாளி பாதி நிறைந்ததும் எழுந்தான். நான் அடைக்கச் சொன்ன மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ரென்ச்சைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

வீட்டை விற்றுவிட்டு டாலிகஞ்சில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். அங்கேயும் அதே டங், டங், டங், அரை வாளிதான். சரோஜா சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, பாதியானதும் மூடிவிடுவாள். எனக்குக் கோபமாக வரும். பயமாகவும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டே நாற்பது வருஷம் அரை வாளியில் குளித்துவிட்டேன்.

போன மாதம் வீட்டு வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. முதல் நாளே பாதி வாளியில் குழாயை மூடினாள். ஏன் மூடினாய் என்று கேட்டேன்.

"மாடியில மாஷிமா தட்டுறாங்களே பாபு, அவங்களுக்குத் தண்ணி ஏற வேணாமா?" என்றாள்.

நான் இருப்பதே கடைசி மாடி, அதற்கு மேலே வீடே கிடையாது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவாள்.