கிளிப் பல் பட்ட அடையாளம்

“டக்” என்று ஒரு சத்தம். ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றுவிடும். புது பிளைவூட், ரெக்சின், கொஞ்சம் பெட்டரி அசிட்... எல்லா வாசனையும் வெக்கையோடு சேர்ந்து முகத்தில் வந்து உட்காரும்.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது நான் முதன்முதலாக வேலை செய்த சுற்றுலா அலுவலகம். முதலாளி சுரேஸ் அண்ணா, ஒரு டிரைவர், நான். அவ்வளவுதான். வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற ஒரு ட்ரெய்லரை அண்ணா செய்வித்திருந்தார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட்.

வயரிங் முழுக்க நஸீர் நானா. கொம்பனித்தெருக்காரர். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பெட்டரி வைத்தார். சார்ஜ் அளவுக்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் தானாக வெட்டிவிட ஒரு கருவியும் பூட்டினார். அந்த “டக்” அதனுடையது. இன்னும் இரண்டு ட்ரெய்லர் செய்வதாக அண்ணாவின் திட்டம். அதற்கும் நானாதான் என்று பேச்சு. வேறு வேலை இல்லாத அந்த நாட்களில் நானா அதை நம்பித்தான் இருந்தார்.

மின்வெட்டுக் காலம். பின்னேரங்களில் அலுவலகத்தில் கரண்டும் இல்லை, ஆட்களும் இல்லை. ட்ரெய்லர் சாவி என்னிடம் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இரண்டு அறைக்குள் ஏழு பேர். புத்தகத்தைத் திறந்தால் எட்டிப் பார்க்க ஒரு தலையாவது வரும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க எனக்கு முதலில் கிடைத்த இடம் அந்த ட்ரெய்லர்தான்.

நானா ஒருநாள் கண்டுவிட்டார். நான் அவசரமாகப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன்.

“என்னத்துக்கு தங்கச்சி ஒளிக்கிற? களவெடுத்த சாமான் மாதிரி!” என்று சிரித்தார்.

அடுத்த நாள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன லைட் இருந்தது. பிளானில் இல்லாத லைட்.

“இதுல வாசிங்க. கண்ண கெடுத்துக்க வாணாம். ஆனா டக்குன்னு வெட்டினா அதோட விட்டுடுங்க. அதுக்கு மேல இழுத்தா பெட்டரி மவுத்தாகிடும்.”

“சரி நானா” என்றேன்.

விடவில்லை.

ஒரு பின்னேரம், கதையின் நல்ல இடத்தில், “டக்”. நானா வேலை செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கட்டிலடி இழுப்பு லாச்சியில் பல்லுப் பல்லாக இரண்டு கிளிப் கிடந்தன. அந்தக் கருவியைச் சுற்றிப் போகிற மாதிரி, ஃபேன் வயரையும் லைட் வயரையும் நேராகப் பெட்டரியின் ஈயக் குமிழில் கடிக்கவிட்டேன். ஃபேன் சுற்றியது. எனக்கு என்னை நினைத்துப் பெருமை... சத்தியமாகப் பெருமை.

இரண்டு மாதம் போல இப்படித்தான். போகும்போது கழற்றி லாச்சிக்குள் போட்டுவிடுவேன். ட்ரெய்லர் நின்றது தகரக் கொட்டகைக்குள். ட்ரெய்லர் கூரையிலிருந்த சோலார் தகட்டுக்கு வெயிலே படாது. வந்து வந்து போகிற கரண்டில் சார்ஜர் போட்டால் போதும் என்று நினைத்தேன். சார்ஜ் மீட்டரும் நிறைந்துவிட்டதாகத்தான் காட்டும். செத்துக்கொண்டிருக்கும் பெட்டரி அப்படித்தான் சீக்கிரம் நிறைந்த மாதிரிக் காட்டுமாம். அது பிறகுதான் தெரிந்தது.

முதல் பயணம் திருகோணமலைக்கு. கனடாவிலிருந்து வந்த குடும்பம். ஃப்ரிட்ஜில் வயதான அப்பாவின் இன்சுலின். வாகனம் ஓடும்வரை ஃப்ரிட்ஜும் ஓடியிருக்கிறது. நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. காலையில் போன் வந்தது. இன்சுலின் வெதுவெதுவென்று ஆகிவிட்டதாம். மருந்துக் கடைகளில் மருந்தில்லாத காலம் வேறு. மூன்றாவது ஊரில்தான் கிடைத்தது. அந்த அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவரைக்கும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்ரெய்லர் திரும்பி வந்ததும் அண்ணா நானாவைக் கூப்பிட்டார்.

“நானா, என்ன வயரிங் செய்தனீங்கள்? ரெண்டு மாசத்தில புதுப் பெட்டரி செத்துப் போச்சு.”

“வயரிங்ல ஒரு பிழையும் இல்ல சேர். யாரோ சார்ஜ அடிவரைக்கும் இழுத்து இரிக்கி.” குந்தியிருந்து ஈயக் குமிழைப் பெருவிரலால் தடவினார். “பாருங்க, பல்லுப் பட்ட அடையாளம்.”

“எலி கடிச்சிருக்கும்!” என்றான் டிரைவர். அண்ணாவும் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ ஏதும் தொட்டனியோ?”

“இல்லை அண்ணா.”

நானா என்னைப் பார்த்தார். பிறகு தலைமாட்டு லைட்டைப் பார்த்தார். “தங்கச்சி உள்ளுக்கு இருந்து வாசிக்கிற” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. “சரி சேர்” என்று டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே விட்டிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மற்ற இரண்டு ட்ரெய்லருக்கும் வேறொருவர் வயரிங் செய்தார். “அந்த நானாவைக் கூப்பிட்டிடாதேங்கோ” என்று அண்ணா போனில் யார் யாருக்கோ சொன்னபோது பக்கத்து மேசையில் நான் டைப் செய்துகொண்டிருந்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் என்றுதான் கனகாலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். அண்ணா இரண்டு பேச்சுப் பேசிவிட்டு விட்டிருப்பார். நான் பயந்தது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் கதை வாசித்தவள் என்று அந்த டிரைவருக்குத் தெரிந்துவிடுமே, அதையும் சொல்லிச் சிரிப்பானே என்று... அவ்வளவு சின்ன விஷயம். அதை மறைக்க ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்கவிட்டேன்.

இப்போது வெள்ளவத்தையில் எனக்கென்று ஒரு அறை இருக்கிறது. சாத்தினால் யாரும் தட்டாத கதவு. கரண்ட் போவதில்லை. சுவர் முழுக்கப் புத்தகம். அன்றைக்கு ஆசைப்பட்ட எல்லாமே.

போனில் “நஸீர் நானா வயரிங்” என்ற நம்பர் இன்னும் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தில் ஒரு த்ரீவீலரின் பக்கத்தில் நிற்கிறார். அவருடையதாக இருக்கலாம். “நானா, அந்தக் கிளிப் நான்தான்” என்று எத்தனையோ தடவை எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறேன்.

அதைத்தான் இங்கே ஒரு போஸ்ட்டாக எழுதுகிறேன். உங்களில் சிலர் ஹார்ட் போடுவீர்கள், “எல்லாருக்கும் நடக்கிறதுதானே” என்று ஆறுதலும் சொல்வீர்கள்.

நானா இந்தப் பக்கம் வருவதில்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.