ஒன்றரை மீட்டர் ரயில்

தையல்காரி தனக்கென்று வாங்கிய துணி பீரோவிலேயேதான் கிடக்கும். மெஷின் மிதிக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா? தேனி ரயில் கேட் பக்கம் கடை வைத்து இருபது வருஷமாய் ஊருக்கெல்லாம் தைக்கிறேன். இந்தக் கோடையில்தான் எனக்கே எனக்காக ஒரு டாப் தைத்தேன்!

கட்பீஸ் கடையில்

நான் பிறந்த பண்ணைப்புரத்தில் ரயில் கிடையாது. அதனாலோ என்னவோ, ரயில் என்றால் எனக்குக் கிறுக்கு. கேட்டைப் போட்டால் பாதித் தையலில் எழுந்து வாசலுக்கு ஓடுவேன். ஆனால் ஒரு தடவைகூட ஏறியதில்லை, எல்லாம் பஸ்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு ரயிலிலேயே போவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கட்பீஸ் கடையில் ஒரு நீலப் பருத்தித் துணி, துணி முழுக்கக் குட்டிக் குட்டி ரயில்! இதில் டாப் தைத்துப் போட்டுக்கொண்டுதான் ஏறுவது என்று அங்கனயே நின்று சபதம் எடுத்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயசு. கடைக்காரத் தம்பி சொல்கிறான்:

"ஒண்ணரை மீட்டர்தான் இருக்குக்கா, இனிமே வராது. பேரனுக்கா?"

டீச்சர் பார்த்துவிட்டாக

அனுமந்தன்பட்டி டீச்சர் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க என் கடைக்கு வந்தாக. மேசையில் கிடந்த ரயில் துணியைத் தூக்கிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாக. எனக்குத்தான், ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்தாகணும் என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"அப்ப என் ஜாக்கெட்டு இந்த வாரமும் கெடைக்காது!"

சனிக்கிழமை மத்தியானம்

கஸ்டமர் துணி என்றால் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாலு தடவை பார்த்துத்தானே கத்திரி வைப்போம்? சொந்தத் துணி என்றதும் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிப்போச்சு. தோளில் ஜாயிண்ட் வேண்டாம், துணி மிச்சமாகும் என்று முன்னும் பின்னும் ஒரே துண்டாய்த் தோள்பக்கம் மடித்து, கழுத்தையும் கையையும் வெட்டி விரித்தேன். முன்பக்கம் ரயிலெல்லாம் நேராய் ஓடுகிறது. முதுகுப்பக்கம் அத்தனையும் தலைகீழ்!

வேறு துணி கிடையாது. விடிந்தால் பயணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கடையில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துத் தைக்கிற செல்வி எட்டிப் பார்த்தாள்.

"முன்னால மதுரைக்குப் போகுது, பின்னால கவுந்துல்லக்கா கெடக்கு!"

பிளாட்பாரத்தில்

கவிழ்ந்த ரயிலைத் தூக்காமல் விடுவேனா? தோளில் வெட்டி, பின்பக்கத்தை அப்படியே தலைகீழாய்த் திருப்பினேன். அகலமான அடிப்பாகம் மேலே வந்தது. அதில் புதுசாய்க் கழுத்தும் கையும் வெட்டினேன். பழைய கழுத்துப் பக்கம் வீணாய்ப் போனதில் பின்பக்கம் ஒரு சாண் குட்டை. அங்கே நீல லைனிங் துணியை ஒட்டுக் கொடுத்து, அதன்மேல் கறுப்பு நாடாவை இரண்டு வரியாய் ஓட்டி, குறுக்கே துண்டு துண்டாய்த் தைத்தேன். தண்டவாளம்! சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனில் யாரோ முதுகைத் தட்டினார்கள். திரும்பினால் அதே டீச்சர், மகளை ரயிலேற்றிவிட வந்திருக்காக. என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. ரயில் வந்து நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாக:

"ஜாக்கெட்டு கெடக்கட்டும், எனக்கும் இதே தண்டவாள மாடல்தான் வேணும், எங்கன பழகுனீக?"

நம் தொழிலில் தப்பாய் வெட்டியதைக் கஸ்டமருக்குக் கொடுத்தால் சண்டை, நாமே போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தால் மாடல்.