மாடிக்கு வந்த இங்கிலீஷ் மிஸ்

எந்த மனுவாக இருந்தாலும் கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தர இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது விதி. பள்ளிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தின் வாசலில் இதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அங்கே கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்குத் தெரிந்து அந்தப் பலகையை நின்று முழுக்கப் படித்தவர் ஒருவர்தான். அவர் அதற்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்.

இப்போது கிருமாம்பாக்கத்தில், கடலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிற வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டாள். மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சாப்பிட்டீங்களா என்பான், சாப்பிட்டேன் என்பேன். அவனுக்காக மாடியில் கட்டிய அறை காலியாகவே கிடந்தது. வெளிநாட்டு இளைஞர்களைச் சம்பளமில்லாமல் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஓர் அமைப்பு அந்த அறையைக் கேட்டபோது, யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அந்தப் பெண் வந்தாள். ஊர் போலந்து. அங்கே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வந்த அன்றே என் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கோணியிருந்த காலை இரண்டு விரலால் நிமிர்த்திக் கொடுத்தாள். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் ஒரு நாளுக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நான் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தெரிவித்துவிட்டேன்.

பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர வந்திருந்தாள். ஆங்கிலம் அவள் தாய்மொழியும் இல்லை, சொல்லிக்கொடுக்கப் படித்தவளும் இல்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் பாண்டிப் பக்கம் வெள்ளைத் தோல் என்றால் ஒன்று பிரெஞ்சு, இல்லாவிட்டால் இங்கிலீஷ். மூன்றாவது வகை கிடையாது.

முதல் வாரம் உற்சாகமாகத் திரும்பி வந்தாள். புரிகிறதா என்று கேட்டால் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் ‘எஸ் மிஸ்’ என்கிறார்களாம். இரண்டாம் வாரம் ‘உன் பெயர் என்ன’ என்று கேட்டதற்கும் அதே பதில் வந்ததும் உற்சாகம் வடிந்தது. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மறுநாள் வகுப்பில் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். ஆசிரியர்களின் இடமாற்றம், விடுப்பு, ஊக்க ஊதியம் எல்லாவற்றிலும் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன் நான். வகுப்பறையில் ஒரு நாளும் நின்றதில்லை. ஆக, பயிற்சி இல்லாத இரண்டு பேர் கூடிப் பாடம் தயாரித்தோம்.

பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுக் கடலூர் பஸ் ஆக்குவது என்று முடிவாயிற்று. ஒரு பிள்ளை கண்டக்டர், மற்றவர்கள் பயணிகள், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். மறுநாள் கண்டக்டராக இருந்த சிறுமி, டிக்கெட் வாங்காத பெஞ்சு முழுவதையும் இறக்கிவிட்டாளாம், அதுவும் ஆங்கிலத்தில் திட்டி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதன்பின் தினமும் சாயங்காலம் பாடம் இருந்தது. சந்தை, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை. என் வீட்டில் நாலு மணிக்கு மேல் ஒருவர் வருவார் என்று காத்திருக்கும் பழக்கம் மறுபடி வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். அடுத்த மே மாதம் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெறும் ஆண்டில் காகிதத்தில் இல்லாத எதையும் யாரும் தொடுவதில்லை. காற்று வந்தால்கூட உத்தரவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

“தப்பா நெனச்சிக்காதீங்க சார். அந்தப் பொண்ணு வகுப்பு எடுக்க பர்மிஷன் கேட்டு ஆபீசுக்கு எழுதிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா?”

“போன வாரமே பூடுச்சி.”

“கேக்காத வரைக்கும் யாரும் கூடாதுன்னு சொல்லலையே சார்.”

“இன்னா சார் பண்றது, பென்ஷன் பேப்பரு போவுற நேரம். நாளைக்கி ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டான்னா? உங்களுக்குத் தெரியாததா.”

தெரியும். அனுமதி கேட்டுவிட்ட பிறகு, அது வரும்வரை அவளை உள்ளே விட முடியாது. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவளிடம் நடைமுறையை விளக்கினேன். என் விளக்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. புரிந்தது என்றாள். வகுப்பில் பிள்ளைகள் சொன்னதும் அதைத்தான். பிறகு, தான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று கேட்டாள்.

முப்பது நாள் போனது. பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் என்னிடம் வேலை கற்றவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார், டீ வரவழைத்தார், மகனை விசாரித்தார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். அந்த வாக்கியத்தை அந்த நாற்காலியிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். மேலே என்றால் எங்கே என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் பிள்ளைகள் என் வீட்டு கேட் அருகே நின்று மிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். மழை பிடித்ததும் வருவதை விட்டார்கள். சாயங்காலம் மேசையில் பேச எதுவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். மழை விட்ட நாட்களில் மணப்பட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவாள். அங்கிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்:

“இன்னா சார், உங்க வூட்டுப் பொண்ணு தெனம் தனியா மணல்ல குந்தினு இருக்குது. வூட்ல எதுனா சண்டையா?”

சண்டை இல்லை என்றேன்.

“சண்டனாலும் பரவால்ல. ரெண்டு பேரும் பேசிக்கினாவது இருப்பீங்க.”

பொங்கலுக்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள். நேபாளத்தில் ஒரு பள்ளி உடனே கூப்பிடுகிறதாம். பாடம் இல்லாவிட்டாலும் இரு, விசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது, மாடி உன்னுடையது என்று சொல்ல நினைத்தேன். சொன்னது, இன்னும் பத்து நாள் பார்க்கலாம், ஃபைல் எந்த நேரமும் இறங்கும் என்பது. என்னை நம்பிப் பத்து நாளும் இருந்தாள். பிறகு கடலூர் சாலையில் பாண்டி பஸ் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் அவசரப்படுத்தினார். ஜன்னல் எதிர்ப்பக்கம் கிடைத்ததால் முகம் தெரியவில்லை.

பதிலைத் தலைமை ஆசிரியரே எடுத்துக்கொண்டு வந்தார். கல்வியாண்டு முடியும்வரை அனுமதி, ஏழு நிபந்தனைகளுடன். எல்லாம் முறையாக இருந்தது.

“பர்மிஷன் வந்துடுச்சி சார். ஆளுதான் இல்ல. இத இன்னா பண்றது?”

ஃபைலில் வையுங்கள் என்றேன். அவளுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, நானும் தெரிவிக்கவில்லை. கிடைத்த தேதியை உத்தரவின் மூலையில் அவர் குறிக்க மறந்திருந்தார். பேனாவை வாங்கி நானே குறித்தேன். மாசி மகத்துக்கு மறுநாள், புதன்கிழமை.