எங்கள் மாடிப்படியில் நடந்த கொலை

எங்கள் மாடிப்படியில் ஒரு கொலை நடந்தது. செத்தவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு அம்மாவிடம் டீ கேட்டான்.

கல்லூரி முடித்த ஒரு பெண், குறும்படம் எடுக்க ராயபுரத்தில் வீடு தேடி வந்திருந்தாள். தெருவில் எல்லாரும் தயங்க, அம்மாதான் "எங்க வூட்டுல எடுத்துக்கம்மா" என்றாள். அம்மாவுக்கு உள்ளூர ஓர் ஆசை. கிறிஸ்துமஸுக்குத்தான் கீழ்ப்படியிலிருந்து மாடி வரை வெளிர் நீலத்தில் பெயின்ட் அடித்திருந்தோம். அதை ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

அப்போது என் கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவர், தன் அம்மாவோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா எங்கள் மாடியில் உட்கார்ந்து மூன்று வடை சாப்பிட்டு, "வூடு நல்லா காத்தோட்டமா கீது" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர் மகனைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவ்வளவு பெரிய ஆள், சிரிப்பு வந்தால் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொள்வார். அவர்கள் "சரி" என்று சொல்லக் காத்திருந்தோம்.

அதற்குள் படம் வந்துவிட்டது. வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம்.

நீலச் சுவரைக் காணோம்! பச்சையும் பழுப்புமாக, பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறம்தான் வீடு முழுக்க. துணி காயப்போடும் கொடி, தூக்குக் கயிறாகத் தொங்கியது. கேமரா மெதுவாகப் படியேற ஏற, பின்னணியில் 'தும்... தும்...' என்று ஒரு சத்தம். நடுவில் துறைமுகத்துக் கப்பலின் சங்கு. தினமும் நாங்கள் கேட்கிற சங்குதான். அதை அந்தப் பெண் இழுத்து நீட்டி, யாரோ முனகுவது போல ஆக்கிவிட்டிருந்தாள். படி முடியும் இடத்தில் அம்மாவின் முதுகு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், பாவம், அந்தச் சத்தத்தில் யாருக்கோ விஷம் கலக்குகிறவள் மாதிரி தெரிந்தாள்.

அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "பின்னாடி தெரியறது நான்தான்" என்று எழுதி, படத்தை உடனே பெரம்பூருக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க, இந்த சம்பந்தம் வேணாம். உங்க வூட்டுல ஏதோ ஒண்ணு கீது. அன்னிக்குப் படியேறுறப்பவே எனக்கு ஒரு மாதிரி படபடன்னு வந்துச்சு."

படபடப்போடுதான் மூன்று வடை உள்ளே போனதாக்கும்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக் கேட்டிருப்பேன், அம்மா விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அன்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுப் படியேறும்போது என் காதிலேயே 'தும்' கேட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தாவி ஏறினேன்.

மேலே போன கையோடு, படமெடுத்த பெண்ணைப் போனில் பிடித்து விளாசினேன்.

"சுவரோட கலர அப்படியே வச்சா பயமே வரலைக்கா," என்றாள். "உங்கம்மா வேற பேசிட்டே இருந்தாங்க. அந்தச் சத்தத்த எல்லாம் எடுத்துட்டுத்தான் மியூசிக் போட்டேன்."

"எடுத்தத எனக்குக் குடு" என்றேன். நிறம் மாற்றாத, சத்தம் நீக்காத அசல் துண்டுகளை அனுப்பினாள்.

அதே படி, அதே கொலைக் காட்சி. ஆனால் சுவர் பளிச்சென்று நீலம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது. கீழே ஒரு மீன்காரம்மா யாரோடோ பேரம் பேசுகிறார். கொலைகாரன் பதுங்கிப் பதுங்கி ஏறுகிறான். மேலிருந்து அம்மாவின் குரல்: "இன்னா நைனா, காலைலேர்ந்து கத்தியும் கையுமா சுத்திகினு கீற? அத்த அந்தாண்ட வெச்சிட்டு ரெண்டு இட்லி துன்னு." கொலைகாரன் படியிலேயே உட்கார்ந்து சிரிக்கிறான். கேமராவும் குலுங்குகிறது.

அதை அப்படியே பெரம்பூருக்கு அனுப்பினேன். இந்த முறை போன் வரத் தாமதமாகவில்லை. நான்தான் எடுத்தேன்.

"ஐயோ, உங்கம்மா கீறாங்களே! சிரிச்சி சிரிச்சி வயிறு நோவுது. நான் அன்னிக்கே நினைச்சேன், எவ்ளோ லட்சணமான வூடுன்னு. படியேறுறப்பவே மனசு நெறஞ்சிபோச்சு. தேதி பாத்துடலாமாம்மா?"

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று எங்கள் படியில் ஏறியபோது உண்மையில் என்ன தோன்றியது என்பது இனி அந்த அம்மாவுக்கே தெரியாது. நாளைக்கு என் தலைக்கு மேல் யாராவது ஒரு 'தும்' போட்டால் என் கதி என்ன? சரி, நான் வாழப்போவது மகனோடுதானே என்று, போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உங்கம்மாவுக்கு எங்க வூடு புடிக்காமப் போச்சு. இப்ப புடிச்சிருக்குது. நீங்க இன்னா நினைச்சீங்க?"

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"மொதல்ல சொன்னதா, இப்ப சொன்னதா?"

பதில் வரவில்லை. அந்த மௌனத்துக்கு யாரும் மியூசிக் போடவில்லை. அவர் வீட்டு ஃபேன் சுற்றுவது கேட்டது. அவர் மூச்சு கேட்டது. எதையாவது சொல்லிவிடுங்கள், எங்கள் வீடு பிடிக்கவில்லை என்றாவது உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"வேணாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவரை எனக்கு அப்போதும் பிடித்துத்தான் இருந்தது.