கதவில்லாத வீடுகள்

வேங்கிக்காலில் ஒரு புதுத் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கட்ட, அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிடப் போயிருந்தேன். பழைய கணக்கெடுப்போடு புதிதாகக் குடிவந்தவர்களைச் சேர்த்தால் போதும் என்று நினைத்தேன். இன்னும் கதவு வைக்காத, கட்டி முடியாத வீடுகளைத் தாண்டி நடந்தேன். அப்படி ஒன்றில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "எங்கள எழுத மாட்டாங்க சார். வீடு முடிஞ்சா கெளம்பிடுவோம்" என்றாள்.

"எங்க போவீங்க?"

"எதிர்ல. அங்கயும் கடக்கால் போட்டாச்சு. இந்தத் தெருவுல மொத வீட்டுலருந்தே நாங்கதான் காவல். இவ பொறந்ததும் இங்கதான்."

நின்றுவிட்டேன். தெருவின் முதல் குடும்பத்தையே விட்டுவிடப் பார்த்தேனே! திரும்பிப் போய், கட்டி முடியாத வீடுகளிலும் விசாரித்து மதிப்பீட்டைத் திருத்தினேன். பெரிய தொட்டிக்கே அனுமதி வந்தது.

இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும், கதவில்லாத வீட்டில்தான் முதலில் குரல் கொடுக்கிறேன்.