கடைசிக் கட்டிலுக்கு ஒரு மணி

எங்கள் வார்டில் அவளை எல்லோரும் காரணக்கா என்றுதான் கூப்பிடுவோம். பால் திரிந்தால் அதுக்கொரு காரணம் இருக்கும் என்பாள். லிஃப்ட் நின்றுபோனாலும் அதையேதான் சொல்வாள். நான் வலது காலை எடுத்து வைத்து வார்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டால் போதும், "தரை ஈரமா இருக்கானு பாத்து வைடி. எந்தக் கால்னு தரைக்குத் தெரியாது" என்பாள். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டில் ஆயா வேலை பார்த்தோம். நாள் முழுக்க அந்த வாயோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். நாள், கோள், நல்ல நேரம் எதையும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் சண்டையில், "அப்ப எல்லாம் போன ஜென்மத்து வினைதானே, உங்க புத்தரும் அதைத்தானே சொல்றாரு?" என்று மடக்கப் பார்த்தேன். மடங்கினால்தானே.

"அவர்கிட்டயே ஒருத்தன் இதைக் கேட்டான். எல்லாமே பழைய வினைன்னு சொல்றது தப்புன்னுட்டாரு. பித்தத்தால வலி வரும், வாயுவால வரும், பருவம் மாறினா வரும், கவனிக்காம விட்டா வரும், அடுத்தவன் அடிச்சா வரும். வினையும் அதுல ஒண்ணு, அவ்வளவுதான். முதல்ல கண்ணுக்குத் தெரியிறதைப் பாரு."

இப்படிப் பேசுகிறவளுக்கென்று ஆண்டவன் ஒரு கட்டிலையும் வைத்திருந்தான்.

வார்டின் கோடியில், தூணுக்குப் பின்னால் கிடந்த கடைசிக் கட்டில் அது. அதில் படுத்தவர் எழுந்து போவதில்லை என்பது எங்கள் வார்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஷிஃப்ட் தொடங்கியதும் முதலில் அந்த விரிப்பை நான் தொடமாட்டேன். கூட ஆள் உள்ள நோயாளிகள் கெஞ்சியோ கத்தியோ வேறு கட்டில் வாங்கிவிடுவார்கள். கடைசியில் அங்கே போய்ச் சேருவது கேட்க நாதியில்லாத கிழங்களும், நினைவில்லாமல் தெருவிலிருந்து தூக்கிவரப்பட்டவர்களும்தான். அவர்கள் சாவார்கள். பார்த்தாயா, கட்டில் மறுபடி வேலையைக் காட்டிவிட்டது என்போம்.

காரணக்காவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "சாகப் போறவங்களாப் பாத்துப் பொறுக்கி அங்க போடுறீங்க. தூணு மறைக்குது, நர்ஸ் உக்காந்த இடத்துலயிருந்து தலை தெரியாது. கூப்பிடுற மணிக்கு வயரு அறுந்து கிடக்குது. எந்தக் கட்டிலா இருந்தாலும் அங்க கிடந்தா சாகத்தான் செய்வாங்க."

அந்த மணிக்காக அவள் தின்னாத தலையில்லை. எலக்ட்ரீசியனைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள். அவன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "போறவன் போகத்தான் போறான், மணி அடிச்சுட்டுத்தான் போகணுமாக்கா?" என்றான். நாங்களும் சிரித்தோம். ஹெட் நர்ஸ் சிரிக்கமாட்டாள்; பார்க்கலாம் என்பாள். மற்றக் கட்டில்களின் மணி கெட்டால் அன்றைக்கே ஆள் வரும். இதற்கு வரவேயில்லை. ராசி இல்லாத கட்டிலுக்குச் செலவு எதற்கு என்று எல்லோர் மனதிலும் இருந்தது. அவள் ஒருத்திதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். தாயில்லாமல் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று நின்றுவிட்டவள், பிறகு அவனுக்கு முடித்துவைத்து, அவன் பெண்டாட்டி, சின்னப் பெண் என்று அதே வீட்டில் ஒண்டிக்கொண்டவள். மரப்பட்டறைத் தூசி அவன் நெஞ்சைக் கெடுத்திருந்தது. காலையில் மூச்சு இழுக்க இழுக்கத் தூக்கிவந்து, முகத்தில் மூடி வைத்து மருந்துக் காற்று கொடுத்ததும் கொஞ்சம் தணிந்தது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "மறுபடி இழுப்பு வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உடனே கூப்பிடுங்க."

வார்டு நிரம்பி வழிந்தது. காலியாக இருந்தது கடைசிக் கட்டில்தான்.

நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பழவண்டிக்காரன் கிடந்தான். தொடையில் கட்டி, கீறிவிட்டிருந்தார்கள். கேட்க ஆளில்லாதவன், மற்றபடி கல்லு மாதிரி இருந்தான். "அவனைக் கடைசிக்குத் தள்ளிட்டுத் தம்பியை இங்க போட்டுருவோம்கா. ஹெட் நர்ஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

தம்பி பெண்டாட்டி காரணக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அந்தக் கட்டில் வேண்டாம். ராசியில்லாத கட்டில்னு வாசல்ல டீக்கடைக்காரர்கூடச் சொல்றாரு. உங்க காலைப் பிடிக்கிறேன்."

ராசி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், காரணக்காவின் முகம் இறுகிப்போனது.

"எவனுக்கோ ஆளில்லைன்னா அவனைத் தள்ளிட்டு என் தம்பியைப் போடணுமா? இத்தனை வருஷமா நான் எதுக்குக் கத்துறேன்? கட்டில் யாரையும் கொல்லாது. போடு அங்க."

இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. காரணம், காரணம் என்று எங்கள் உயிரை எடுத்தவளுக்கு அன்றைக்குக் காரணம் கண் முன்னாலேயே கிடந்தது. புண்ணோடு படுத்திருக்கிறவனுக்கு மணி எதற்கு? மூச்சு இழுக்கிறவனுக்கு அல்லவா மணி வேண்டும். அவள் கணக்குப்படியே அவர்களை மாற்றிப் போட்டிருக்க வேண்டும். நாங்கள் அதை ராசி என்று சொன்னோம். அதனாலேயே அவள் மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றாள். அவளுக்கு நல்ல மனசு, இல்லையென்று சொல்லமாட்டேன். வீம்பும் அதே அளவுக்கு இருந்தது.

மணி இல்லை என்பது அவளுக்கு மறந்துவிடவில்லை. எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "இழுத்தா இதுல தட்டுடா, ஓடி வந்துருவேன்" என்று சொல்லித் தலையைத் தடவினாள். அவன் தட்டிக் காட்டினான். வார்டு அமைதியாக இருந்ததால் நன்றாகவே கேட்டது.

மத்தியானம் ஒரு கிழவியை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப் போகச் சொன்னார்கள். காரணக்கா போனாள். தம்பி பெண்டாட்டி மருந்துக்கடை வரிசையில் நின்றாள். நான் அழுக்கு விரிப்புகளைக் கீழே சலவைக்குப் போடப் போயிருந்தேன். வார்டில் அப்போது சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு கட்டிலிலும் தட்டு, கரண்டி, டம்ளர்; ஒரே கலகலப்பு. அந்தச் சத்தத்தில் ஒரு டம்ளர் தட்டப்பட்டதை யார் கவனிப்பார்கள்? காரணக்கா திரும்பி வந்தபோது டம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கரண்டி மட்டும் அவன் கையில் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவள் அழவில்லை. தூணையும் அறுந்து தொங்கிய வயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குள் வார்டு முழுக்கக் குசுகுசுப்பு: ஆயா வீட்டு ஆளையும் அந்தக் கட்டில் விடவில்லையாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஹெட் நர்ஸ் பழப்பையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டி சுவரோரம் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட் நர்ஸ் மெதுவாக, "விதிம்மா. நேரம் வந்துட்டா யாரால தடுக்க முடியும்?" என்றாள்.

"மணி இருந்தா தடுத்திருக்கலாம்" என்றாள் காரணக்கா.

நான் கொண்டுவந்த டீக்குக் கையை நீட்டிய ஹெட் நர்ஸ் அப்படியே மடக்கிக்கொண்டாள். எனக்கு, கேளு, இன்னும் கேளு என்று இருந்தது. அதற்குள் தம்பி பெண்டாட்டி தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணி. அது விதின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னீங்கன்னா இந்த வீட்டுல உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் இருந்துருவேன். காரணம் இருக்குன்னு சொன்னீங்கன்னா, அந்தக் கட்டிலுக்கு அவரை அனுப்பினது நீங்கதான். பிள்ளையைத் தூக்கிட்டு இப்பவே எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

காரணக்கா குழந்தையைப் பார்த்தாள். அதற்குத் தம்பியின் மூக்கு அப்படியே இருக்கும். அதன் கால் விரலைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் மிச்ச டீ பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"விதிதான்" என்றாள்.

தம்பி பெண்டாட்டி அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். ஹெட் நர்ஸ் டீயை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாரம் கடைசிக் கட்டிலை ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் தூக்கிப் போட்டார்கள். அதே தூணுக்குப் பின்னால் புதுக் கட்டில் வந்தது. வயர் அதே இடத்தில் தொங்கியது. வெட்கத்தை விட்டு நானே ஹெட் நர்ஸிடம் போய், "அந்த மணியைச் சரி பண்ணிடலாமே" என்றேன். "காரணக்காவே விதின்னுட்டா. உனக்கென்னடி இப்ப புதுசா?" என்றாள்.

புதுக் கட்டிலுக்கு முதலில் வந்தவர் ஒரு கிழவர். கூட யாருமில்லை. நெஞ்சு வலி. காரணக்கா சண்டைக்குக் கிளம்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் விரிப்பை இழுத்துச் செருகினாள், தலையணையைத் தட்டி வைத்தாள். கிழவர் சுவரில் இருந்த மணிப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை அமுத்தினா யாராவது வருவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"உங்க நேரம் நல்லா இருந்தா வருவாங்க" என்றாள் அவள்.

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.