யமன் பக்கம் பார்த்த கண்ணாடி வீடு

வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையை எவரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் பலெர்மோ போகிறவர்களுக்கு வழிவிவரமாவது உதவும், வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில் போனேன். அக்கா மகள் வசந்தியின் தங்கைக்குத் தையில் அங்கே கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணவறை நிமிராது என்பதால் ஒரு மாதம் முன்னரே எழுந்தருளினேன். பலெர்மோ ஒரு தீவு நகரம்; ரோமிலிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். மெசினாக் கடலைக் கடக்க ரயிலையே கப்பலுக்குள் ஏற்றுவார்கள். என் பலகாரப் பெட்டி ஏறியதும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பலெர்மோ நிலையத்திலிருந்து வசந்தி குடியிருந்த பிரான்காச்சோப் பகுதிக்கு மூன்று கிலோமீட்டர், பஸ் சீட்டு ஆயிரத்து ஐந்நூறு லீரா. புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

வசந்தியும் கணவன் பாலனும் அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தார்கள். பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவு முற்றம். அதில் பாலன் செடி வளர்க்க ஒரு கண்ணாடி வீடு கட்டியிருந்தார். மின்சாரம் கிடையாது, மண்ணும் வெயிலும்தான் சூடு. மேல்மண் குளிர்ந்தாலும் ஆழத்து மண் வெதுவெதுப்பை விடாது என்று இடுப்பளவு குழி. மேலே யாரோ கழற்றி எறிந்த பழைய ஜன்னல்கள். உள்ளே பகல் சூட்டை இரவுக்குச் சேமிக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர்த் தகரங்கள். குழிக்குள் காதை வைத்தேன். எட்னா எரிமலை குறட்டை விட்டது. குழி வெட்டிய நாளில் நான்காம் மாடி அம்மாள், சிக்னோரா, யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிலுவைக் குறி போட்டாராம்.

புதைக்கவில்லை, பிழைக்க வைக்கத்தான். உள்ளே இருந்தது ஒரேயொரு வெற்றிலைக் கொடி. அந்த ஊர்க் கடைகளில் வெற்றிலை இல்லை. கல்யாணத்துக்கு வரமுடியாமல் யாழ்ப்பாணத்தில் இருந்த என் அக்காவிடம், “கலியாணத் தட்டிலை நான் வளர்த்த வெத்திலைதான் வைப்பன்” என்று வசந்தி வாக்குக் கொடுத்திருந்தாள். கொடியோ மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

பாலன் மங்களமாகக் கிழக்கே கண்ணாடி வைத்து, தெற்கே கல் மதில் எழுப்பியிருந்தார். நம் ஊரில் சூரியன் உச்சந்தலையில் நிற்பவர். இங்கே மார்கழியில் தெற்கே தாழ்ந்து போகிறார்; மத்தியான வெயில் மதிலில் முட்டி நின்றது. நான் கிரகங்களின் ஓட்டம் பற்றிப் பேருரை தொடங்கினேன். வசந்தி ஈர உடுப்புகளோடு வந்தாள்.

“மாமா, உங்கடை கிரகத்தை விடுங்கோ. தெற்குப் பக்கம் போடுற உடுப்புத்தான் முதல் காயுது. மதிலை உடைச்சுக் கண்ணாடியை அங்கை வையுங்கோ.”

“விசரே உமக்கு?” பாலன் பதறினார். “கலியாண வெத்திலையை யமன்ரை திசை பாத்தோ வளக்கிறது?”

“கொடி செத்தா யமன் வந்துதானே நிக்கப்போறார்?”

பாலன் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, யமனுக்கு இஞ்சை இருக்க விசா, பெர்மெசோ ஒண்டும் இல்லை,” என்றேன். “வந்தா குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை எங்களைப்போல விடிய வரிசையிலை நிக்கட்டும்.”

“ஓம், அதுவும் சரிதான்” என்று சிரித்துக்கொண்டே பாலன் மதிலை இடிக்க அலவாங்கை எடுத்தார். மாலைக்குள் மதில் வடக்கே போனது, கண்ணாடி தெற்கே சரிந்தது.

அதன்பிறகு என்ன! கொடி நான்காம் மாடிக்கு ஏறி, சிக்னோரா அதிலேயே கூடை கட்டி இறக்கித் தெருவில் பாண் ரொட்டி வாங்கினார். வுச்சீரியாச் சந்தையில் மீனை வெற்றிலையில் சுற்றிக் கொடுத்தார்கள். வியா மக்வேதா என்ற பெருந்தெரு முழுக்கச் சிவந்த வாய்கள்.

கட்ட நினைப்பவர்களுக்கு: கண்ணாடி தெற்கே, கனத்த சுவர் வடக்கே. இடுக்குகளை அடைத்துவிடுங்கள், உச்சி வெயிலில் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கள். சாஸ்திரம் ஊருக்கு ஊர் கொஞ்சம் திரும்பி உட்காரும், சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, கல்யாணம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். கல்யாணத் தட்டில் மூன்று இலைதான் இருந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லை, ஒன்றின் நுனி கருகியிருந்தது. வசந்தி அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அது மட்டும் உண்மை.